டைட்டானிக்கின் அக்கா: ஒலிம்பிக் கப்பல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒலிம்பிக் என்று ஒரு கப்பல் இருந்ததா? டைட்டானிக்குக்கு அது என்ன உறவு?

இருந்தது. உறவில் அக்கா. பிரிட்டனின் ஒயிட் ஸ்டார் லைன் நிறுவனம் ஒரே வரைபடத்தை வைத்து மூன்று ராட்சதக் கப்பல்களைக் கட்டச் சொன்னது. பெல்ஃபாஸ்ட் நகரின் ஹார்லண்ட் அண்ட் உல்ஃப் கப்பல் கட்டும் தளத்தில் மூத்தது ஒலிம்பிக், அடுத்தது டைட்டானிக், கடைசி பிரிட்டானிக். ஒலிம்பிக்கின் கட்டுமான எண் 400, டைட்டானிக்குடையது 401. இந்த இரண்டு எண்களும் கீழே ஒரு கேள்வியில் மறுபடியும் வரும்.

1910 அக்டோபர் 20 அன்று ஒலிம்பிக் கடலில் இறக்கப்பட்டது. படத்தில் நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அன்றைக்கு மட்டும் உடலுக்கு வெளிர் நிறம் பூசியிருந்தார்கள். 1911 ஜூன் 14 அன்று சவுதாம்ப்டனிலிருந்து நியூயார்க்குக்கு முதல் பயணம். டைட்டானிக் தன் முதல் பயணத்தையே முடிக்கவில்லை. பிரிட்டானிக் கட்டணப் பயணி ஒருவரைக்கூட ஏற்றாமல், மருத்துவமனைக் கப்பலாக இருந்தபோது 1916 நவம்பரில் கிரேக்கக் கடலில் கண்ணிவெடியில் சிக்கி மூழ்கியது. மூத்தது மட்டும் 24 ஆண்டுகள் ஓடியது. அப்படியும் உலகம் நினைவில் வைத்திருப்பது செத்த தங்கை டைட்டானிக்கைத்தான்.

எவ்வளவு பெரியது? எவ்வளவு வேகம்?

நீளம் 269 மீட்டர், கொள்ளளவு 45,324 டன். வெளிவந்தபோது உலகிலேயே பெரிய கப்பல் அதுதான். வேகத்தில் முதலிடம் இல்லை. அதற்கு ஆசைப்படவும் இல்லை. போட்டி நிறுவனமான கியூனார்டின் மாரிட்டேனியா சுமார் 26 நாட் (மணிக்கு 26 கடல் மைல்) வேகத்தில் பறக்க, ஒலிம்பிக் 21, 22 நாட்டோடு நிறுத்திக்கொண்டது. கொஞ்சம் மெதுவாகப் போனால் கரிச் செலவு குறையும், அதிர்வும் குறையும், பயணிகள் நிம்மதியாகச் சாப்பிடலாம் என்பது ஒயிட் ஸ்டாரின் கணக்கு.

29 கொதிகலன்கள், 159 அடுப்புகள். ஓரத்துப் புரொப்பல்லர்கள் இரண்டையும் பிஸ்டன் எஞ்சின்கள் சுழற்றின. அவை உபயோகித்துத் தள்ளிய நீராவியை வீணாக்காமல் ஒரு டர்பைனுக்குள் விட்டு நடுப் புரொப்பல்லரைச் சுழற்றினார்கள். நான்கு புகைபோக்கிகளில் கடைசியில் கொதிகலன் புகை வராது. அது காற்றோட்டத்துக்கும், பெரும்பாலும் அழகுக்கும்.

நாள் ஒன்றுக்கு 600 டன்னுக்கு மேல் நிலக்கரி எரியும். அவ்வளவையும் கையால் அள்ளிப் போட வேண்டும். மேலே நீச்சல் குளமும் துருக்கிக் குளியலும் நடந்துகொண்டிருக்க, கீழே இடுப்புவரை வெற்றுடம்போடு நூற்றுக்கணக்கானவர்கள் முறைவைத்துக் கரி அள்ளிக்கொண்டிருந்தார்கள். இந்தக் கதையின் ஒரு முக்கியமான கட்டத்தில் இவர்கள் மேலே ஏறி வருவார்கள்.

முதல் ஆண்டிலேயே போர்க்கப்பலோடு மோதியதாமே?

ஆமாம். 1911 செப்டம்பர் 20. சவுதாம்ப்டனுக்கும் வைட் தீவுக்கும் நடுவிலுள்ள குறுகலான கடல்வழியில் ஒலிம்பிக் வெளியே போய்க்கொண்டிருந்தது. பக்கத்திலேயே ஹாக் என்ற கடற்படைக் குரூசர். ஒலிம்பிக் திரும்பிய நேரத்தில் ஹாக் சட்டென்று அதன் பக்கம் இழுபட்டு, பின்பகுதியில் போய்க் குத்தியது. எதிரிக் கப்பலை முட்டித் துளைக்கவென்றே அந்தக் காலப் போர்க்கப்பலின் மூக்கைக் கட்டியிருப்பார்கள். அது தன் வேலையை ஒழுங்காகச் செய்தது: கப்பலின் அடியுடலைத் தடுப்புச் சுவர்களால் பிரித்த பெட்டகங்களில் இரண்டில் தண்ணீர் புகுந்தது, புரொப்பல்லர் தண்டு ஒன்று கெட்டது. உயிர்ச்சேதம் இல்லை. ஒலிம்பிக் தன் எஞ்சினிலேயே துறைமுகம் திரும்பியது.

அன்று கேப்டன் எட்வர்ட் ஸ்மித். ஏழு மாதம் கழித்து டைட்டானிக்கோடு போனவர் இவர்தான். ஆனால் அந்த நேரத்தில் கப்பலை வழிநடத்தியவர் துறைமுக வழிகாட்டி. பெரிய கப்பல் நகரும்போது தண்ணீரை இழுக்கும், அந்த இழுப்பில்தான் ஹாக் வந்து மோதியது என்று கடற்படை வாதாடி வென்றது. நிறுவனம் மேல்முறையீடு செய்து பிரபுக்கள் அவை வரை போயும் தோற்றது.

இதற்கு ஒரு விபரீதமான பின்விளைவு உண்டு. ஒலிம்பிக்கைப் பழுது பார்க்க டைட்டானிக் வேலையிலிருந்து ஆட்களை இழுத்தார்கள். டைட்டானிக்குக்கு வைத்திருந்த புரொப்பல்லர் தண்டையே எடுத்துப் பொருத்தினார்கள். அதனால் டைட்டானிக்கின் முதல் பயணம் மார்ச் 20லிருந்து ஏப்ரல் 10க்குத் தள்ளிப்போனது. மார்ச்சிலேயே கிளம்பியிருந்தால் அந்தப் பனிப்பாறை அந்த இடத்தில் இருந்திருக்காது. இப்படி யோசித்தால் முடிவே இல்லை, விடுங்கள்.

டைட்டானிக் மூழ்கிய இரவில் ஒலிம்பிக் எங்கே இருந்தது?

அதே அட்லாண்டிக்கில், நியூயார்க்கிலிருந்து வீடு திரும்பும் வழியில், சுமார் 500 கடல் மைல் தள்ளி. அபாயச் செய்தி கிடைத்ததும் கேப்டன் ஹெர்பர்ட் ஹாடாக் முழு வேகத்தில் விரட்டினார். ஆனால் தொலைவு அதிகம். ஏறக்குறைய 100 மைல் இருக்கும்போது, பிழைத்தவர்களை ஏற்றியிருந்த கார்பேதியாவின் கேப்டன் ராஸ்ட்ரன் வர வேண்டாம் என்று செய்தி அனுப்பிவிட்டார். பிழைத்தவர்களை ஒலிம்பிக்குக்கு மாற்றும் யோசனையையும் அவர் ஏற்கவில்லை. அச்சு அசலாக டைட்டானிக் மாதிரியே ஒரு கப்பல் எதிரே வந்து நின்றால் அவர்கள் என்ன ஆவார்கள் என்று ஒரு மனிதர் அந்த நெருக்கடியிலும் நினைத்திருக்கிறார்.

தொழிலாளர்கள் ஒலிம்பிக்கில் கலகம் செய்தார்கள் என்பது உண்மையா?

வழக்கின் பெயர் கலகம். நடந்ததைக் கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

டைட்டானிக் மூழ்கி பத்து நாள்கூட ஆகவில்லை. 1912 ஏப்ரல் 24, சவுதாம்ப்டன். எல்லாருக்கும் படகு இல்லாமல் கப்பல் கிளம்ப முடியாது என்ற நிலை வந்துவிட்டதால், துருப்புக் கப்பல்களில் கிடந்த பழைய மடக்குப் படகுகளை அவசர அவசரமாகக் கொண்டுவந்து தளத்தில் அடுக்கினார்கள். அவற்றைப் பார்த்த 284 கொதிகலன் தொழிலாளர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு கரையில் இறங்கிவிட்டார்கள். பல படகுகள் மட்கிப்போயிருக்கின்றன, சில திறக்கவே இல்லை, மரப் படகு வையுங்கள் என்பது அவர்கள் கோரிக்கை. முடியாது என்றது நிறுவனம்.

மறுநாள் தொழிலாளர்களின் பிரதிநிதிகளை வைத்துக்கொண்டே நான்கு படகுகளைச் சோதித்தார்கள். ஒன்று கடலுக்கு லாயக்கில்லை. அதை மாற்றினால் வேலைக்குத் திரும்பலாம் என்று பேச்சு கனிந்தது. ஆனால் அதற்குள் நிறுவனம் சங்கத்தில் இல்லாத வெளியாட்களைப் பிடித்து அடுப்படியில் இறக்கியிருந்தது. அவர்களோடு கடலுக்குப் போக மாட்டோம் என்று 54 மாலுமிகள் இறங்கிவிட்டார்கள். கைது, கலக வழக்கு. மே 4 அன்று போர்ட்ஸ்மத் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு விசித்திரமானது: குற்றம் நிரூபணமாகிவிட்டது, ஆனால் சூழ்நிலையைப் பார்க்கும்போது சிறையும் வேண்டாம், அபராதமும் வேண்டாம், போகலாம். அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதை ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. நிறுவனமும் வாயை மூடிக்கொண்டு அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது. அந்தப் பயணம் ரத்து. மே 15 அன்றுதான் கப்பல் கிளம்பியது.

அப்புறம் கப்பலைத் திருத்தினார்களா?

திருத்தினார்கள், அதுவும் ஆழமாக. 1912 அக்டோபரில் சேவையிலிருந்து எடுத்து, எஞ்சின், கொதிகலன் பகுதிகளில் உள்ளே இன்னொரு எஃகுச் சுவர் எழுப்பினார்கள். குறுக்குத் தடுப்புச் சுவர்களில் ஐந்தை மேலும் உயர்த்தி, மேல் தளங்களில் ஒன்றான பி தளம் வரை கொண்டுபோனார்கள். டைட்டானிக்கில் இந்தச் சுவர்கள் உயரம் போதாமல்தான் ஒரு பெட்டகம் நிறைந்து அடுத்த பெட்டகத்துக்கு வழிந்தது. தொடக்கத்தில் 20 ஆக இருந்த படகுகள் 60க்கு மேல் ஆயின. 1913 ஏப்ரலில் திரும்பி வந்தபோது, ஆறு பெட்டகங்கள் கிழிந்தாலும் மிதக்கும் என்ற நிலையில் இருந்தது. தங்கையின் சாவுக்குப் பிறகுதான் அக்காவுக்கு இதெல்லாம் கிடைத்தது.

ஆடேசியஸ் சம்பவம் என்கிறார்களே, அது என்ன?

1914 அக்டோபர் 27. முதல் உலகப் போர் தொடங்கி மூன்று மாதம். நியூயார்க்கிலிருந்து வந்துகொண்டிருந்த ஒலிம்பிக், அயர்லாந்தின் வடக்குக் கரையருகே ஆடேசியஸ் என்ற பெரிய பிரிட்டிஷ் போர்க்கப்பல் சாய்ந்துகொண்டிருப்பதைப் பார்த்தது. பெர்லின் என்ற ஜெர்மானியப் பயணிகள் கப்பல் ரகசியமாக வந்து விதைத்துவிட்டுப் போன கண்ணிவெடியில் அது மாட்டியிருந்தது.

ஒலிம்பிக் அதன் மாலுமிகளில் சுமார் 250 பேரை ஏற்றிக்கொண்டது. ஃபியூரி என்ற நாசகாரிக் கப்பல் கயிற்றைக் கொண்டுவந்து கொடுக்க, பயணிகள் கப்பல் ஒன்று போர்க்கப்பலைக் கட்டி இழுக்க ஆரம்பித்தது. கொஞ்ச தூரம் போனார்கள். ஆடேசியஸின் சுக்கான் கட்டுப்பாட்டில் இல்லாததால் அது அடங்காமல் திரும்ப, கயிறு அறுந்தது. பிறகு செய்த முயற்சிகளும் பலிக்கவில்லை. இரவில் அது வெடித்து மூழ்கியது.

வேடிக்கை இதற்கப்புறம்தான். செய்தி ஜெர்மனிக்குத் தெரியக் கூடாது என்று தளபதி ஜெல்லிகோ ஒலிம்பிக்கையே லாக் ஸ்விலி துறையில் சிறைபோல நிறுத்தி வைத்தார். யாரும் இறங்கக் கூடாது, தந்தி கூடாது. பெத்லஹேம் ஸ்டீல் முதலாளி சார்லஸ் ஷ்வாப்புக்கு மட்டும் விலக்கு, ஏனென்றால் அவர் கடற்படையோடு வியாபாரம் பேச வந்தவர். நவம்பர் 2 அன்றுதான் கப்பலை விட்டார்கள். ஆனால் பயணிகளில் பல அமெரிக்கர்கள் எல்லாவற்றையும் படம் பிடித்திருந்தார்கள். விஷயம் சீக்கிரமே வெளிநாடுகளில் கசிந்துவிட்டது. கடற்படை மட்டும் 1918 நவம்பரில் போர் முடிந்த பிறகுதான் கப்பல் போனதை ஒப்புக்கொண்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் இதுதான்.

போரில் அதன் உண்மையான வேலை என்ன?

சிப்பாய்களைச் சுமப்பது. 1915 செப்டம்பரில் அரசு எடுத்துக்கொண்டது. ஒரு நடைக்கு ஏறக்குறைய 6,000 பேர். முதலில் துருக்கியில் நடந்த கலிப்போலிப் போருக்காக கிரேக்கத்தின் முத்ரோஸ் துறைக்கு. போகும் வழியில் மூழ்கடிக்கப்பட்ட ஒரு பிரெஞ்சுக் கப்பலின் 34 பேர் படகுகளில் தத்தளிப்பதைப் பார்த்து கேப்டன் பெர்ட்ராம் ஹேஸ் கப்பலை நிறுத்தி ஏற்றிக்கொண்டார். ஆயிரக்கணக்கான சிப்பாய்களை வைத்துக்கொண்டு நீர்மூழ்கி நடமாடும் கடலில் நின்றதற்காகப் பிரிட்டிஷ் கடற்படை அவரைக் கண்டித்தது. பிரான்ஸ் பதக்கம் கொடுத்தது.

1916லிருந்து கனடாவின் ஹாலிஃபாக்ஸுக்கும் லிவர்பூலுக்கும் இடையே ஓட்டம். ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்துக்குச் செல்லப் பிள்ளையாகிவிட்டது. அதன் பெயரில் அங்கே ஒரு நடனக் கூடமே வந்தது. 1917ல் பெரிய பீரங்கிகள் ஏற்றி, உடல் முழுக்கக் கோணல் மாணலாகப் பல நிறப் பட்டைகள் பூசினார்கள். கப்பலை மறைப்பதற்கல்ல, எந்தப் பக்கம் போகிறது, என்ன வேகம் என்று எதிரியைக் குழப்புவதற்கு. கனடிய ஓவியர் ஆர்தர் லிஸ்மர், சிப்பாய்கள் வீடு திரும்பும் காட்சியை இந்த வண்ணக் கோலத்தோடேயே வரைந்திருக்கிறார்.

போர் முடியும்போது சுமார் 2 லட்சம் பேரைச் சுமந்து, 1,84,000 மைல் ஓடியிருந்தது. 'ஓல்டு ரிலையபிள்', அதாவது நம்பிக் கிளம்பலாம் என்ற பட்டப்பெயர் சிப்பாய்களிடமிருந்து வந்தது.

பயணிகள் கப்பல் நீர்மூழ்கியை மூழ்கடித்தது எப்படி?

இடித்து. 1918 மே 12, விடியும் முன் ஆங்கிலக் கால்வாய். அமெரிக்கத் துருப்புகளோடு பிரான்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தபோது சுமார் 500 மீட்டரில் யு-103 என்ற ஜெர்மானிய நீர்மூழ்கி நீர்மட்டத்தில் தெரிந்தது. ஒலிம்பிக்கின் பீரங்கிகள் சுட்டன. ஹேஸ் கப்பலை நேராக அதன் மேல் திருப்பினார். நீர்மூழ்கி அவசரமாக அடியில் இறங்கி இணையாகத் திரும்பப் பார்த்தது. மூக்கு இடித்ததோடு இல்லாமல், ஒலிம்பிக்கின் இடதுபக்கப் புரொப்பல்லர் அதன் உடலைக் கிழித்துக்கொண்டு போனது.

ஒலிம்பிக் நிற்கவில்லை. பக்கத்தில் இன்னொரு நீர்மூழ்கி இருந்தால் என்ன ஆவது? நீரில் குதித்தவர்களில் 31 பேரை டேவிஸ் என்ற அமெரிக்க நாசகாரிக் கப்பல் காப்பாற்றியது. அவர்களை விசாரித்தபோது, அந்த நீர்மூழ்கி ஒலிம்பிக்கைத் தாக்கவே தயாராகிக்கொண்டிருந்ததும், பின்பக்க டார்பிடோக் குழாய்களில் தண்ணீர் நிரப்ப முடியாமல் போனதும் தெரியவந்தது. ஒலிம்பிக்குக்கு மூக்கு ஒரு பக்கம் வளைந்தது, சில தகடுகள் நசுங்கின, அவ்வளவுதான்.

டார்பிடோவே பட்டதாமே?

பட்டிருக்கிறது, யாருக்கும் தெரியாமல். போருக்குப் பிறகு உலர்துறையில் ஏற்றியபோது நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு பெரிய பள்ளம், நடுவில் விரிசல். வெடிக்காத டார்பிடோ இடித்த இடம் என்று முடிவு செய்தார்கள்.

போருக்குப் பிறகு என்ன மாறியது?

எண்ணெய் வந்தது. 1919, 1920ல் பெல்ஃபாஸ்டில் நிறுத்தி, கரி அடுப்புகளை எண்ணெய் அடுப்புகளாக மாற்றினார்கள். நாள்கணக்கில் கரி ஏற்றியது போய், ஐந்தாறு மணி நேரத்தில் எரிபொருள் நிரப்பும் வேலை முடிந்தது. கீழ்த்தள ஆட்கள் 350லிருந்து 60 ஆகக் குறைந்தார்கள். வேலை சுலபமானது என்று பயணிகளுக்கான விளம்பரங்கள் சொல்லலாம்; மீதி 290 பேரைப் பற்றி அவை பேசா.

1920 ஜூனில் மறுபடி பயணிகள் சேவை. அந்த ஜூலையில் ஆர்ச்சி லீச் என்ற 16 வயது சர்க்கஸ் கலைப் பையன் ஒருவன் இதில் அமெரிக்கா போனான். பிற்பாடு அவன் நடிகர் கேரி கிராண்ட். 1921ல் சார்லி சாப்ளின் இதில்தான் இங்கிலாந்து திரும்பினார். ஆனால் 1924ல் அமெரிக்கா குடியேற்றத்தை இறுக்கியதும் மூன்றாம் வகுப்பு காலியானது. அட்லாண்டிக் கப்பல்களின் பிழைப்பே அந்த ஏழைகளின் டிக்கெட்டில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

நான்டகெட் விபத்தில் குற்றம் யாருடையது?

ஒலிம்பிக்குடையதுதான், பூசி மெழுக ஒன்றுமில்லை. அமெரிக்காவின் நான்டகெட் தீவுக்கு வெளியே ஆழமற்ற கடலில், கலங்கரை விளக்கம் கட்ட வழியில்லாத இடத்தில், எல்வி-117 என்ற விளக்குக் கப்பல் நங்கூரமிட்டு நிற்கும். அது அனுப்பும் வானொலி ஒலியை நோக்கிப் பெரிய கப்பல்கள் நேராக வந்து, கடைசியில் விலகிப் போவது வழக்கம். 1934 மே 15 அன்று கடும் மூடுபனி. ஒலிம்பிக் விலகவில்லை. 11 பேர் இருந்த அந்தச் சிறு கப்பல் அப்படியே அமுங்கியது. நான்கு பேர் அதோடு போனார்கள். மீட்ட ஏழு பேரில் மூவர் இறந்தார்கள். பதிலுக்குப் புதிய விளக்குக் கப்பல் கட்ட பிரிட்டன் பணம் கொடுத்தது. போரில் அத்தனை சாகசம் செய்த கப்பலின் கணக்கில் இந்த ஏழு உயிர்களும் உண்டு.

ஏன் உடைத்தார்கள்?

பழசு, அதோடு உலகப் பொருளாதார மந்தம். குயின் மேரி கப்பலைக் கட்டி முடிக்க அரசு கடன் தர வேண்டுமென்றால் கியூனார்டும் ஒயிட் ஸ்டாரும் சேர வேண்டும் என்று நிபந்தனை. 1934ல் சேர்ந்தார்கள். சேர்ந்ததும் கிழக் கப்பல்களைக் கழித்துக்கட்ட ஆரம்பித்தார்கள். 1935 ஏப்ரலில் ஒலிம்பிக்கின் கடைசி அட்லாண்டிக் பயணம்.

வாங்கியவர் சர் ஜான் ஜார்விஸ் என்ற நாடாளுமன்ற உறுப்பினர், 97,500 பவுண்டுக்கு. அவர் நோக்கம் லாபமல்ல. இங்கிலாந்தின் வடகிழக்கில் ஜாரோ என்ற ஊரின் உயிர்நாடியான பால்மர்ஸ் கப்பல் தளம் 1933ல் மூடப்பட்டது. 40 ஆண்டுகளுக்கு அங்கே கப்பல் கட்டவே கூடாது என்றும் பூட்டுப் போட்டிருந்தார்கள். கட்ட முடியாத ஊருக்கு உடைக்கவாவது ஒரு கப்பல் கொடுப்போம் என்று 1935 அக்டோபரில் ஒலிம்பிக்கை அங்கே கொண்டுபோனார். சில நூறு பேருக்கு வேலை கிடைத்தது. ஊருக்கு அது போதவில்லை. சரியாக ஓராண்டு கழித்து, ஒலிம்பிக் உடைபட்டுக்கொண்டிருந்த அதே நேரத்தில், ஜாரோவின் 200 ஆண்கள் வேலை கேட்டு லண்டன் வரை நடந்தார்கள். மிச்சமிருந்த அடியுடலை 1937ல் ஸ்காட்லாந்தின் இன்வர்கீதிங்குக்கு இழுத்துப்போய் முடித்தார்கள்.

மூழ்கியது டைட்டானிக் அல்ல, ஒலிம்பிக்தான் என்கிறார்களே?

ஹாக் மோதலில் ஒலிம்பிக் தேறாமல் போனது, அதை டைட்டானிக் என்று பெயர் மாற்றி இன்சூரன்ஸுக்காக மூழ்கடித்தார்கள் என்பது கதை. வாட்ஸ்அப்பில் நன்றாக ஓடும். ஆனால் கட்டிய செலவு சுமார் 15 லட்சம் பவுண்டு, இன்சூரன்ஸ் 10 லட்சம் பவுண்டு. நஷ்டத்துக்கு மோசடி செய்பவர் யார்? கடலடியில் கிடக்கும் புரொப்பல்லரில் 401 என்ற எண் தெரிகிறது. ஒலிம்பிக்கை உடைத்தபோது கழற்றிய மரப் பலகைகளின் பின்பக்கம் 400 என்று இருக்கிறது. தவிர, தேறாத கப்பல் எப்படி இன்னும் 23 ஆண்டு ஓடி நீர்மூழ்கியையும் இடித்தது?

இன்று பார்க்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

இருக்கிறது. உடைக்கும் முன் உள்ளலங்காரங்களை ஏலம் விட்டார்கள். வட இங்கிலாந்தின் ஆனிக் ஊரிலுள்ள ஒயிட் ஸ்வான் ஹோட்டலின் உணவுக்கூடத்தில் முதல் வகுப்புக் கூடத்தின் மரப் பலகைகளும் கண்ணாடிகளும் இருக்கின்றன. அங்கே உட்கார்ந்து சாப்பிடலாம். பெரிய மாடிப்படியில் இருந்த செதுக்குக் கடிகாரம் சவுதாம்ப்டனின் சீசிட்டி அருங்காட்சியகத்தில் உள்ளது.

பழைய படத்தில் இருப்பது ஒலிம்பிக்கா டைட்டானிக்கா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

டைட்டானிக் என்று ஓட்டப்படும் பழைய அசையும் படங்களில் நிறைய ஒலிம்பிக்குடையவை. டைட்டானிக்கை எடுத்த படச்சுருள் மிகக் குறைவு. படகுகளுக்கு நேர் கீழேயுள்ள நடைபாதைத் தளத்தைப் பாருங்கள். முன்பாதி ஜன்னல் வைத்து அடைத்திருந்தால் டைட்டானிக். முன்னிருந்து பின்வரை திறந்தே கிடந்தால் ஒலிம்பிக். அதற்கும் கீழ்த்தளத்தில் ஜன்னல்கள் சீரான இடைவெளியில் இருந்தால் இன்னும் உறுதி. டைட்டானிக்கில் அவை ஒழுங்கில்லாமல் இருக்கும்.